ஜனவரியில் வாசித்த கால்

ஹைஃபீல்ட், ஹராரே
3 மார்ச் 2002

அன்புள்ள ஜிவனாய் அத்தானுக்கு,

தெண்டெகாய் எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள் சுகமாக இருந்தால் இங்கே நாங்களும் சுகம். மைடேய் அக்காவுக்கு இருமல் நின்றுவிட்டது. உங்கள் மகள் ருவாவுக்கு இன்னும் இரண்டு பல் வந்திருக்கிறது. என் சட்டையில் ஒரு பொத்தானைக் காணவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது நாளைக் காலையில் தெரிந்துவிடும்.

பேருந்து ஓட்டுநர் சைமன் திரும்பி வந்ததும் உங்கள் பயணக் கதையைச் சொன்னார். "உங்க அத்தான் எல்லை வர்ற வரைக்கும் முன்சீட்டு முதுகுல குச்சியால தட்டிக்கிட்டே வந்தாரு. முன்னால உக்காந்திருந்த பாஸ்டரு எறங்கி வேற பஸ் ஏறிட்டாரு" என்றார். இனி நம் கடிதங்கள் இவர் கையில்தான் போகும், வரும். தபால் பெட்டிக்கு இல்லாத வாய் இவருக்கு உண்டு, அதனால் உறையை நன்றாக ஒட்டுங்கள்.

நீங்கள் போனதிலிருந்து தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பாடகர் க்வாடிட்ஸோவின் குழுவில் வாசிக்கும் டிரம்மருக்கு மச்சான் என்று ரொட்டி வரிசையில் இரண்டு இடம் முன்னால் விடுகிறார்கள். அக்கா எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்கிறாள். "என் தம்பி ஸ்டுடியோல பதிஞ்சான், என் புருஷன் வாசிச்சாரு, ஜோஹானஸ்பர்க்ல க்வாடிட்ஸோ ஒரே ஒரு தடவை கேசட்டைக் கேட்டுட்டு ஆளை அனுப்பிட்டாரு." அவள் இதை ஆரம்பித்தால் நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும். அந்தக் கேசட்டை அங்கே அடிக்கடி போட்டுக் காட்ட வேண்டாம். கேசட் கேசட்தான். நீங்கள் நேரில் வாசிப்பதை அவர்கள் கேட்கட்டும்.

குளிர் வருவதற்குள் ஒரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்,
தெண்டெகாய்


பெரேயா, ஜோஹானஸ்பர்க்
30 மார்ச் 2002

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்தால் நானும் நன்றாகத் தூங்கி எழுந்தேன் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இந்த அறையில் ஐந்து பேர், மூன்று பேருக்குக் குறட்டை. ஒரே தாளத்தில் விட்டாலாவது சகித்துக்கொள்ளலாம்.

ஒத்திகை தொடங்கிவிட்டது. இங்கே கொம்பு ஊதுகிறவர்கள் மேடைக்கு வருவதில்லை. கொம்பும், பின்பாட்டுப் பெண்களும் ஒரு பெட்டியில் பதிந்து கிடக்கிறார்கள். பெட்டி ஓடும், நான் அதனோடு ஓட வேண்டும். அதற்காக என் காதில் ஒரு கிளிக் சத்தத்தை மாட்டிவிடுகிறார்கள். டக், டக், டக் என்று ஒரு கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி பாட்டு முடியும்வரை தட்டிக்கொண்டே இருக்கிறது. பழக வேண்டும். பழகிவிடும்.

க்வாடிட்ஸோ பெரிய மனிதர். என்னைக் குலப்பெயர் சொல்லி மோயோ என்றுதான் கூப்பிடுகிறார். முதல் நாள் எல்லோரையும் உட்கார வைத்து நம் கேசட்டைப் போட்டார். "கேளுங்கடா, கால்டிரம் எப்படி விழுது பாருங்க. ஒவ்வொண்ணும் ஆணி அடிச்ச மாதிரி, ஆனா ஆடுது. இவன்தான் அவன்" என்று என் முதுகில் தட்டினார். உன் எச்சரிக்கை வந்து சேர்வதற்கு முன்பே இது நடந்துவிட்டது. மறுநாள் ஒத்திகை பாதியில், "மோயோ, கேசட்ல இருந்த அந்தக் கால் எங்க? பஸ்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே பேஸ் கிட்டார்காரன் ஒருவன் சொன்னான், இப்போதெல்லாம் பதிந்த டிரம்மைக் கம்ப்யூட்டரில் வைத்து நேராக்கிவிடுகிறார்களாமே. உங்கள் ஸ்டுடியோவிலும் செய்கிறீர்களா? எப்படிச் செய்வது என்று எழுது. தெரிந்துகொள்ளத்தான்.

மைடேயிடம் சொல், எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. ருவாவுக்கு என் முத்தம். அவளைத் தூக்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்கு.

உன் அத்தான்,
ஜிவனாய்


ஹைஃபீல்ட், ஹராரே
21 ஏப்ரல் 2002

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். அக்கா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பஸ்ஸில் கால் விட்ட இடத்தை மட்டும் நான் தாண்டிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆமாம், இங்கேயும் செய்கிறோம். சில பேருக்கு. திரையில் ஒவ்வொரு அடியும் ஒரு சிறிய குன்று மாதிரி தெரியும். தாளம் விழ வேண்டிய இடங்களில் நேர்க்கோடுகள் இருக்கும். குன்றை வெட்டி எடுத்துக் கோட்டில் ஒட்டலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் பாட்டு முழுவதையும் அதுவே ஒட்டிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. நம் பாட்டுகளில் ஹோஷோ சுரைக்காயைக் குலுக்கும்போது விதைகள் விழுவது மூன்றாகவும் பிரியாது, நாலாகவும் பிரியாது, நடுவில் எங்கோ விழும். டிரம்மில் அந்த இடத்தைப் பிடிப்பது காலால் திறந்து மூடும் அந்த இரட்டைத் தட்டு, ஹை-ஹேட். அதைக் கோட்டில் ஒட்டினால் பாட்டு செத்தது.

அதனால் போன மாதம் ஒரு டிரம்மருக்குச் செய்தபோது, ஹை-ஹேட்டை நான் தொடவே இல்லை. கால்டிரம்மை மட்டும் நகர்த்தினேன். அதையும் கோட்டை நோக்கி நகர்த்தவில்லை, அவருடைய ஹை-ஹேட்டை நோக்கித்தான். பாதி தூரம், சில இடத்தில் கால்வாசி. மேலே தொங்கும் மைக்கில் பழைய அடி ஆவி மாதிரி லேசாகக் கேட்டு இரட்டை அடியாகிவிடும், அதன் அடிக்குரலை வடிகட்ட வேண்டும். பிறகு திரையை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். கேட்கும்போது தோள் தானாக ஆடினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அந்த டிரம்மர் உங்களுக்குத் தெரியாதவர். புலவாயோக்காரர்.

மாவு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அக்கா எப்படியோ சட்ஸா கிண்டிவிடுகிறாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கிளிக் பழகிவிடும்.

உங்கள் மச்சான்,
தெண்டெகாய்


பெரேயா, ஜோஹானஸ்பர்க்
20 மே 2002

மச்சான்,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மைடேயிடம் வாசித்துக் காட்டாதே.

என் வலது கால் சரியில்லை. முட்டிக்குக் கீழே மரத்துப்போகிறது. அழுத்தினால் ஒரு நொடி கழித்துத்தான் கால் கேட்கிறது. மூன்று வாரமாக மேடையில் வேறொரு பையன் வாசிக்கிறான், டர்பன் ஊர்க்காரன். க்வாடிட்ஸோ ஒன்றும் திட்டவில்லை. "ஓய்வு எடு மோயோ" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நான் கேசட்டைக் காதில் போட்டுக்கொண்டு, தலையணையையும் தரையையும் வைத்து அதோடு வாசித்துப் பார்க்கிறேன். என்னோடு நானே வாசிக்கிறேன். ஆறு பாட்டில் ஒன்றில்கூட என்னால் அவனோடு சேர முடியவில்லை. அவன் கால் விழுகிற இடத்தில் என் கால் விழவில்லை. பிந்துகிறது, பிறகு பயந்துபோய் முந்துகிறது. பெயர் ஒன்று, ஆள் வேறு.

நீ ஜனவரியில் என் பக்கத்திலேயே இருந்தாய். நான் வாசித்ததை உன் காதால் கேட்டாய். அப்போது என் கால் எப்படி இருந்தது? நன்றாகத்தானே இருந்தது? யோசித்து உண்மையை எழுது.

ருவா நடக்கிறாளாமே. சைமன் சொன்னார்.

அத்தான்


ஹைஃபீல்ட், ஹராரே
2 ஜூன் 2002

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து மனம் சரியில்லை. இங்கே மற்ற எல்லோரும் சுகம்.

கால் மரத்துப்போவது குளிரால் இருக்கலாம். அங்கே குளிர் நம் ஊரைவிடக் கடுமை என்கிறார்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள். இத்துடன் ஒரு தைலம் அனுப்புகிறேன், ஸ்டுடியோ முதலாளி மசுகு முதுகுக்குப் போடுவது, நல்ல சூடு. தரையில் படுக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

ருவா நடக்கிறாள் என்பதைவிட விழாமல் ஓடுகிறாள் என்பதுதான் சரி. நிறுத்தத் தெரியாது, சுவரில் போய் முட்டித்தான் நிற்கிறாள். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று இவளைக் கண்டால் கூரை ஏறிவிடுகிறது. அக்கா தேவாலயத்துப் பெண்கள் குழுவில் ஹோஷோ குலுக்குகிறாள், ஈஸ்டருக்கு அவளைத்தான் முன்வரிசையில் நிறுத்தினார்கள். தெருக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வருகிறது, எல்லோரும் சந்தேகத்தோடு பிடித்துக்கொள்கிறார்கள். மசுகு ஒரு புது மைக் வாங்கியிருக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்,
தெண்டெகாய்


ஹைஃபீல்ட், ஹராரே
7 ஜூலை 2002

அத்தான்,

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

சைமன் அக்காவிடம் உங்கள் காலைப் பற்றி உளறிவிட்டார். மூன்று நாள் உபவாசம் இருந்தாள், தண்ணீர் மட்டும். நேற்று பெட்டியைக் கட்டிவிட்டாள். "காலு போன மனுஷனைத் தனியா விட்டுட்டு நான் இங்க என்ன பண்றேன்? புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் போறேன். நீ டிக்கெட்டுக்கு மட்டும் வழி பண்ணு" என்றாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

உங்கள் காலுக்கு ஒன்றும் இல்லை அத்தான். கேசட்டில் இருப்பது உங்கள் கால் இல்லை. நான் எழுதினேனே, புலவாயோ டிரம்மர், அப்படி ஒருவரும் இல்லை. அது நீங்கள்தான். அதைச் செய்தது மார்ச்சிலும் இல்லை, ஜனவரியில்.

உங்களுக்கு நினைவிருக்கும். ருவா வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீங்கள் இரண்டு நாள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தீர்கள். பதிவை இன்னொரு நாள் வைக்கலாம் என்று மசுகுவிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் வாசித்தீர்கள். கை நன்றாக இருந்தது. கால்டிரம் பாட்டுக்குப் பாட்டு பிந்தியது. மசுகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, "உங்க அத்தான் தூங்கிக்கிட்டே வாசிக்கிறாரா? வேற ஆளைக் கூப்பிடலாமா?" என்று கேட்டார். "வேணாம் சார், நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

முதலில் எல்லாவற்றையும் கோட்டில் ஒட்டினேன். பிணத்துக்குச் சட்டை போட்டது மாதிரி இருந்தது. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மூன்று நாள். ஒவ்வொரு அடியாக, உங்கள் ஹை-ஹேட்டைக் கேட்டுக் கேட்டு, நீங்கள் தூங்கியிருந்தால் இந்த அடியை எங்கே வைத்திருப்பீர்கள் என்று யோசித்து வைத்தேன். நான் இதுவரை செய்ததில் அதுதான் நல்ல வேலை. எனக்கு அதில் பெருமை இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

முடித்ததும் உங்களிடம் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் வந்து கேட்டீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது உங்களுக்கு. "இது நான்தான்டா மச்சான்" என்றீர்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பிறகு க்வாடிட்ஸோ கூப்பிட்டார். நீங்கள் பேருந்தில் ஏறினீர்கள். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் சொல்வது கனமாகிக்கொண்டே வந்தது. மே மாதம் நீங்கள் நேராகக் கேட்டீர்கள். நான் தைலம் அனுப்பினேன்.

தலையணையை வைத்துக்கொண்டு நீங்கள் என்னோடுதான் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். யாராலும் முடியாது. அது மனிதன் வாசித்தது இல்லை.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தெண்டெகாய்


ஹைஃபீல்ட், ஹராரே
11 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அத்தானுக்கு,

சைமன் இரண்டு முறை வந்துபோய்விட்டார். "கொடுத்தேன், வாங்கிக்கிட்டாரு, ஒண்ணும் சொல்லல" என்கிறார். நீங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறீர்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

அக்கா புறப்படவில்லை. புறப்படும் காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ருவாவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலுறையோடு அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா இதே வீட்ல, நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு, நான் ஊர் பூராவும் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்ததைக் கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"ஆமாக்கா."

"அந்த மனுஷன் வாசிச்சது நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல? அவர் என்ன செத்தா போயிருப்பாரு? மறுபடி வாசிச்சிருப்பாரு."

அவள் என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. சோறு வைக்கிறாள், தட்டைச் சத்தமாக வைக்கிறாள். ரொட்டி வரிசையில் நான் இப்போது என் இடத்திலேயே நிற்கிறேன்.

பழைய பதிவை நான் அழிக்கவில்லை. நீங்கள் வாசித்தபடியே ஒரு கேசட்டில் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். வேண்டாமென்றால் தூக்கிப் போடுங்கள்.

தெண்டெகாய்


பெரேயா, ஜோஹானஸ்பர்க்
8 செப்டம்பர் 2002

மச்சான்,

நீங்கள் எல்லோரும் இருந்தால் நானும் இருக்கிறேன். எழுதத் தாமதம் ஆனதற்கு நீ காரணம் இல்லை.

கால் விஷயம் பொய்.

அதை முதலில் எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் கடைசிவரை எழுதமாட்டேன். கால் மரத்துப்போகவும் இல்லை, எந்த மருத்துவரையும் பார்க்கவும் இல்லை. க்வாடிட்ஸோ ஏப்ரல் கடைசியிலேயே என்னை நிறுத்திவிட்டார். மேடையில் நாலாவது பாட்டு நடுவில் பெட்டியில் இருந்த கொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆகிவிட்டோம். நாங்கள் சேரவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த ஜனங்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். அவர் ஒலிபெருக்கியிலேயே "நம்ம டிரம்மருக்குத் தாகமா இருக்கு, தண்ணி குடுங்க" என்று சொல்லி என்னை எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறேன். கால் போனவன் என்றால் ஊரில் இரக்கப்படுவார்கள். கால் இருந்தும் வாசிக்கத் தெரியாதவன் என்றால்?

தலையணையோடு வாசித்தது மட்டும் உண்மை.

இன்னொன்று. நீ எனக்குச் சொல்லவில்லை என்று தவிக்கிறாய். நீ சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாவது பாட்டில், மூன்றாம் சரணத்தில், என் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிவிட்டது. அதை எடுத்து நிமிர்வதற்குள் ஒரு சுற்று போய்விட்டது. நீ அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கவனித்திருக்கமாட்டாய். பிறகு நீ போட்டுக் காட்டியபோது அந்த இடத்துக்காகவே காத்துக்கொண்டு கேட்டேன். ஓட்டை இல்லை. வேறு இடத்திலிருந்து ஒரு சுற்றை எடுத்துத் தைத்திருந்தாய். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் காலைக் கவனித்தேன். எல்லாம் புரிந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்தது சந்தோஷத்தால் இல்லை. ஆனால் "இது நான்தான்" என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அந்தக் கேசட்டை க்வாடிட்ஸோவுக்கு யார் அனுப்பினார்கள் என்று நினைக்கிறாய்? நான்தான் அனுப்பினேன். மேடைக்குப் போனால் எப்படியாவது அவனாகிவிடலாம் என்று நினைத்தேன்.

மே மாதம் உன்னிடம் கேட்டேனே, என் கால் எப்படி இருந்தது என்று, அதுவும் கேள்வி இல்லை. நீ சொல்கிறாயா என்று பார்த்தேன். நீ தைலம் அனுப்பினாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ மறைத்துவைத்திருக்கும்வரை அவன் உயிரோடு இருப்பான் அல்லவா? உன்னைப் பொய்யனாக வைத்திருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

நீ அனுப்பிய பழைய கேசட்டைப் பத்து நாள் தொடாமல் வைத்திருந்தேன். போன ஞாயிறு கேட்டேன். மற்ற பாட்டுகளில் கால் மோசம். ஆனால் ஐந்தாவது பாட்டில் கால் பிந்தவில்லை மச்சான். அது அங்கேதான் விழ வேண்டும். அதையும் நீ நகர்த்திவிட்டாய். இதற்கு மட்டும் உன்மேல் கோபம்.

க்வாடிட்ஸோவிடமும் போய்ச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மோயோ, எல்லாருடைய கேசட்டும் அப்படித்தான். எனக்கு டிரம்மர் வேணாம்பா, உன் மச்சானை அனுப்பு" என்றார்.

மைடேயிடம் இதை நீ வாசித்துக் காட்டு. என்னால் எழுத முடியாது.

ஜிவனாய்


ஹைஃபீல்ட், ஹராரே
6 அக்டோபர் 2002

அத்தான்,

வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் இருக்கிறோம்.

வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் அக்கா துணி ஊறவைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெளுத்த துணியையே திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகு அங்கிருந்தே, "ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு அடிக்கணும், தனித்தனியா அடிச்சா கை வலிக்கும்" என்று சத்தம் போட்டாள். என்னோடு பேசிவிட்டாள் என்பதால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் எனக்கு உங்கள்மேல் கோபம் அத்தான். கேசட் விஷயத்தை மறைத்தீர்கள், போகட்டும், இந்தக் கால் பொய் எதற்கு? அவள் மூன்று நாள் பட்டினி கிடந்தாளே, எந்தக் காலுக்கு? நான் ஜூன் மாதம் முழுக்க உங்களை நொண்டியாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மசுகுவின் முன்னால் ஒரு பாடகியின் குரலை வெட்டும்போது பாதியில் வேலையை விட்டு எழுந்துபோனேன். நீங்கள் மாவு பிசைந்துகொண்டிருந்தீர்கள்.

எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். இதை எழுத நான் யார் என்றும் தோன்றுகிறது. கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன்.

ஐந்தாவது பாட்டைத் திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி.

தெண்டெகாய்


பெரேயா, ஜோஹானஸ்பர்க்
17 நவம்பர் 2002

மச்சான்,

சுகமா? இங்கே மழை பிடித்துவிட்டது.

உன் கோபம் நியாயம். வைத்துக்கொள். மைடேயோடு தொலைபேசியில் பேசினேன், பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்கு அவளை வரச் சொல்லி. பேசினேன் என்றா சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தேன். காசு தீர்ந்து இணைப்பு அறுந்தபோது அவள் இன்னும் பாதிதான் திட்டி முடித்திருந்தாள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் கூடும் தேவாலயத்தில் வாசிக்கிறேன். காதில் கிளிக் கிடையாது. பெண்கள் ஹோஷோ குலுக்குகிறார்கள், நான் அவர்களோடு போகிறேன். யாரும் நின்று என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 23 வருகிறேன். ரொட்டிக் கடையில் இரண்டு வாரம் விடுப்பு. இரண்டாவது பாட்டையும் ஐந்தாவது பாட்டையும் மறுபடி வாசிக்க வேண்டும், அது அந்த ஓட்டைக்காக, இது அந்தக் கால் தற்செயலாக விழவில்லை என்று எனக்கே தெரிய. மசுகுவிடம் ஒரு பகல் நேரம் கேள். தர மறுத்தால் நான் வந்து கெஞ்சுகிறேன், இந்த வருடம் அதற்குப் பழகிவிட்டேன்.

அத்தான்


ஹைஃபீல்ட், ஹராரே
19 ஜனவரி 2003

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சைமன் சொன்னார். இந்த முறை பாஸ்டர் யாரும் இறங்கவில்லையாம். நாங்கள் சுகம். ருவா இரண்டு நாள் உங்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அன்றைய பகலைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிளிக்குக்குப் பதிலாக அக்காவின் ஹோஷோவை உங்கள் காதில் போடலாம் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது எனக்கு ஏன் போன வருடம் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அவள் தப்பே விடவில்லை. நம் இருவர்மேலும் இருந்த கோபமும் அந்தச் சுரைக்காய்க்குள் குலுங்கியது. நீங்கள் ஏழு முறை வாசித்தீர்கள். ஆறாவது முறை முடிந்ததும் மசுகு கடிகாரத்தைப் பார்த்தார், நீங்கள் அவரைப் பார்க்காமல் குச்சியை எடுத்தீர்கள்.

பிறகு என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள். "இதை நகத்து. இது வேணாம். இதை நகத்து, கொஞ்சமா, போதும் போதும். இது லேட்டுதான், ஆனா நான் அங்கதான் வச்சேன், விட்டுடு." மொத்தம் மூன்று அடி. அவ்வளவுதான் நகர்த்தினோம். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மவுஸை மட்டும் அசைத்தேன். நீங்களும் என்னைப் பார்க்கவில்லை. அப்படியே இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை மதியம் மசுகு வந்து ஐந்தாவது பாட்டைக் கேட்டார். கடைசிச் சரணத்தில், கடைசி வரிக்கு முந்தைய அடியில் நிறுத்தினார். "இந்த ஒண்ணு இடிக்குதேப்பா" என்றார். அவர் சாப்பிடப் போன பிறகு அதை நகர்த்தினேன். மிகக் கொஞ்சம். பழக்கத்தில் கை தானாகச் சேமித்துவிட்டது. உடனே கரண்ட் போய்விட்டது. இருட்டுத் திரையின் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன்.

கரண்ட் வந்ததும் அதைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தேன். ஆனால் பழைய இடம் எது என்று கம்ப்யூட்டர் மறந்துவிட்டது. காதால் கேட்டுத்தான் வைத்தேன். சரியாக நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு, எனக்கு வலிக்குமே என்று பார்க்காமல் எழுதுங்கள். உங்கள் பதில் வரும்வரை மசுகு கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

உங்கள் மச்சான்,
தெண்டெகாய்